கோழியிடமே கேட்போம்!

தம்பி தங்கைகளே, கோழிக்கு என்ன பிடிக்கும்? தானியம் பிடிக்கும், புழு பிடிக்கும், குப்பைமேடு பிடிக்கும் என்று ஆளுக்கொரு பதில் சொல்வீர்கள். சரி, அது உங்கள் பதில். கோழியின் பதில் என்ன? கோழிக்குப் பேச வராது. ஆனாலும் கேட்கிற விதத்தில் கேட்டால் அது பதில் சொல்லும். சில விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக இதையே வேலையாகச் செய்துவருகிறார்கள். அவர்கள் எப்படிக் கேட்டார்கள், கோழிகள் என்ன சொல்லின என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

நாம் பேசப்போவது கறிக்கோழியைப் பற்றி. பிராய்லர் என்று கடையில் விற்கிறார்களே, அந்தக் கோழி. வீட்டுக் கோழி காலையில் கூட்டைத் திறந்துவிட்டால் தன் இஷ்டத்துக்குத் திரியும். வெயில் ஏறினால் மர நிழலுக்குப் போகும், மழை வந்தால் திண்ணையில் ஏறும். பண்ணைக் கோழிக்கு அப்படி இல்லை. முட்டையிலிருந்து வெளிவந்த ஓரிரு நாளில் கொட்டகைக்கு வருகிறது. ஐந்து ஆறு வாரத்தில் இறைச்சிக்காக வெளியே போகிறது. நடுவில் உள்ள அத்தனை நாளும் கொட்டகைதான் அதற்கு உலகம். நாம் கோழிக்கறி சாப்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அந்த உயிர் வாழும் நாட்கள் நன்றாக இருக்க வேண்டும். அதை நம்மால் செய்துகொடுக்க முடியும். எதைச் செய்துகொடுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

காட்டுக்கோழியின் ஒரு நாள்

எல்லா வளர்ப்புக் கோழிக்கும் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. வட இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இன்றும் அது காடுகளில் வாழ்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கூவுகிற சாம்பல் காட்டுக்கோழிக்கும் இதில் பங்கு உண்டு. பல வளர்ப்புக் கோழிகளின் தோலும் காலும் மஞ்சளாக இருப்பதற்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் கண்டுபிடித்தார்கள்.

இங்கிலாந்தில் விப்ஸ்னேட் என்ற இடத்தில் ஒரு பெரிய உயிரியல் பூங்கா இருக்கிறது. அங்கே திறந்தவெளியில் சிவப்புக் காட்டுக்கோழிகள் வளர்ந்தன. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரியன் டாக்கின்ஸ் அந்தக் கோழிகள் நாள் முழுவதும் என்ன செய்கின்றன என்று நிமிடம் நிமிடமாகக் குறித்து 1989-இல் வெளியிட்டார். கணக்கு இதுதான்: 100 நிமிடத்தை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ 60 நிமிடங்களில் கோழி தரையைக் கொத்துவது தெரிந்தது. ஏறத்தாழ 34 நிமிடங்களில் காலால் தரையைக் கிளறுவது தெரிந்தது. ஒரே நிமிடத்தில் கிளறவும் செய்யும், கொத்தவும் செய்யும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கோழிகளுக்குப் பூங்காவில் தவறாமல் தீனி கிடைத்தது. பட்டினியால் அவை தரையைக் கிளறவில்லை. தேடுவதும் கிளறுவதும் கோழியின் உடம்போடு பிறந்த வேலை. வயிறு நிரம்பினாலும் அந்த ஆசை அடங்குவதில்லை. தட்டு நிறையத் தீவனம் வைத்துவிட்டோம், கோழிக்கு ஒரு குறையும் இல்லை என்று நினைத்தால், நாம் அதைப் பாதிதான் புரிந்துகொண்டோம்.

கால் தாங்காத எடை

இப்போது கறிக்கோழியிடம் வருவோம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஓர் அருமையான சோதனை செய்தார்கள். 1957-ஆம் ஆண்டின் கோழி இனம், 1978-ஆம் ஆண்டின் இனம், 2005-ஆம் ஆண்டின் இனம் என மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே தீவனம் கொடுத்து வளர்த்தார்கள். 56-ஆம் நாள் எடை போட்டார்கள்.

1957-இன் இனம்: 905 கிராம்.
1978-இன் இனம்: 1,808 கிராம்.
2005-இன் இனம்: 4,202 கிராம்.

தீவனம் ஒன்றுதான், நாளும் ஒன்றுதான். அப்படியானால் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? பரம்பரையிலிருந்து. ஒவ்வொரு தலைமுறையிலும் வேகமாக எடை போடுகிற கோழிகளையே பொறுக்கி எடுத்து இனம் பெருக்கினார்கள். ஊசி போட்டுக் கோழியை வளர்க்கிறார்கள் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இந்த வளர்ச்சிக்கு ஊசி தேவையில்லை. பல பத்தாண்டுகள் நடந்த பொறுக்கல்தான் பெரிய காரணம்.

நெஞ்சுச் சதை வேகமாகப் பெருக்கிறது. எலும்பும் மூட்டும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. ஓலைக்கூரைக்கு நட்ட தூணின் மேல் மாடிவீட்டைக் கட்டினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அந்தக் கால்கள் திணறுகின்றன. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் 2000-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், ஏறக்குறைய ஆறேழு வாரக் கறிக்கோழிகளைக் கவனித்தார்கள். கால் நன்றாக இருந்த கோழிகளே தங்கள் நேரத்தில் 76 சதவீதம் படுத்துக் கிடந்தன. நொண்டும் கோழிகள் 86 சதவீதம் படுத்துக் கிடந்தன. நல்ல கோழி ஒரு நாளில் 50 தடவைக்கு மேல் தீவனத் தட்டுக்குப் போனது. மிகவும் நொண்டிய கோழி சுமார் 30 தடவைதான் போனது. போனாலும், ஏறக்குறைய பாதி நேரம் தட்டின் பக்கத்தில் படுத்துக்கொண்டே தின்றது.

நொண்டுகிற கோழிக்கு வலிக்குமா? இதையும் கோழியிடமே கேட்டார்கள். இரண்டு நிறத்தில் தீவனம் வைத்தார்கள். ஒரு நிறத்தில் மட்டும் வலி நீக்கும் மருந்து கலந்திருந்தது. நல்ல கோழிகளைவிட நொண்டும் கோழிகள் மருந்து கலந்த தீவனத்தை அதிகமாகத் தேர்ந்து தின்றன. நொண்டல் கூடக்கூட, மருந்துத் தீவனம் தின்பதும் கூடியது. வலிக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு கோழியால் எப்படிச் சொல்ல முடியும்?

கொட்டகையில் என்ன இல்லை?

ஒரு சாதாரணக் கறிக்கோழிக் கொட்டகையில் தீவனத் தட்டுகள் இருக்கும், தண்ணீர்க் குழாய்கள் இருக்கும். தரையில் கூளம் பரப்பியிருக்கும். மேலை நாடுகளில் மரச்சீவல் போடுவார்கள். நம் ஊரில் நெல் உமி, தேங்காய் நார்க்கழிவு போடுவார்கள். குஞ்சாக இருக்கும்போது வெப்பம் தர விளக்கு இருக்கும். உயிர் பிழைக்க வேண்டியது எல்லாம் இருக்கிறது. தேட, ஏற, ஒதுங்க, விளையாட எதுவும் இல்லை. போய்ப் பார்க்க ஒன்றும் இல்லாதபோது கோழி ஏன் எழுந்து நடக்கப்போகிறது?

படுத்தே கிடந்தால் இன்னொரு தொல்லையும் வரும். கோழியின் எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. கூளம் ஈரமாக இருந்தால் பாக்டீரியாக்கள் அந்த அமிலத்தைச் சிதைத்து அம்மோனியா வாயுவாக மாற்றும். கண் எரியும், மூச்சு கமறும். ஈரக் கூளத்தில் நின்றும் படுத்தும் கோழியின் பாதத்தில் புண் வரும். கோழிகள் நடமாடிக் கிளறினால் கூளம் புரண்டு காற்றாடும், காயவும் செய்யும்.

எலும்பும் அப்படியே. எலும்பு உயிருள்ள பொருள். எந்த இடத்தில் சுமை விழுகிறதோ அந்த இடத்தில் அது தன்னை உறுதியாக்கிக்கொள்ளும். ஓடி ஆடினால்தான் கால் வலுக்கும். கால் வலுத்தால்தான் ஓட முடியும். இந்தச் சக்கரத்தை நல்ல பக்கமாகச் சுற்றவைப்பது எப்படி? கொட்டகையில் கோழிக்குப் பிடித்த பொருள்களை வைப்பதுதான் வழி. சூழலை வளமாக்குதல் என்று இதற்குப் பெயர்.

வெளிச்சம் உள்ளே வந்தது

வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் என்ற நகரம் இருக்கிறது. அங்குள்ள குயின்ஸ் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், ஆய்வகத்துக்குள் பத்துக் கோழியை வைத்துப் பார்க்காமல், ஆயிரக்கணக்கான கோழிகள் வளரும் உண்மையான பண்ணைக் கொட்டகைகளிலேயே சோதனை செய்தார்கள். அந்த நாட்டில் குளிர் அதிகம். அதனால் அப்போது பெரும்பாலான கொட்டகைகள் நாலாபுறமும் அடைத்தே இருந்தன. உள்ளே மின்விளக்கு வெளிச்சம் மட்டும்தான்.

2013-இல் வெளியான ஆய்வில் ஒரே பண்ணையின் நான்கு கொட்டகைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றில் சாளரம் மட்டும். ஒன்றில் வைக்கோல் கட்டுகள் மட்டும். ஒன்றில் இரண்டும். இன்னொன்றில் இரண்டும் இல்லை. எதனால் மாற்றம் வருகிறது என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்த ஏற்பாடு.

கோழியின் கால் வலுவை அளக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஆழமில்லாத, வெதுவெதுப்பான தண்ணீரில் கோழியை நிறுத்துவார்கள். நனைந்த இடத்தில் உட்காரக் கோழிக்குப் பிடிக்காது. கால் வலுவாக இருந்தால் நெடுநேரம் நிற்கும். கால் பலவீனமாக இருந்தால், பிடிக்காவிட்டாலும் உட்கார்ந்துவிடும். எத்தனை விநாடி நின்றது என்பதே அளவு.

சாளரம் வைத்த கொட்டகைகளில் கோழிகள் படுத்துக் கிடக்கும் நேரம் குறைந்தது. கால் நலமும் மேம்பட்டது. கோழியின் கண்ணைப் பற்றித் தெரிந்தால் இது வியப்பாக இருக்காது. நம் கண்ணில் நிறம் காணும் செல்கள் மூன்று வகை. கோழிக்கு நான்கு வகை. நமக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் அது பார்க்கும். சூரிய வெளிச்சத்தில் அந்தக் கதிர் இருக்கிறது. சாதாரண விளக்கில் பெரும்பாலும் இல்லை.

வைக்கோல் கட்டு என்ன ஆயிற்று? இந்த ஆய்வில் அதனால் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆனால் 2001-இல் இங்கிலாந்துப் பண்ணைகளில் நடந்த வேறொரு ஆய்வில், வைக்கோல் கட்டு வைத்த கொட்டகைகளில் கோழிகள் கூடுதலாக நடமாடின. இரண்டு ஆய்வும் ஒன்றுக்கொன்று மாறாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். ஒரு தடவை கேட்டு நிறுத்திவிடாமல், வேறு இடத்தில், வேறு கோழிகளிடம் திரும்பத் திரும்பக் கேட்பதுதான் அறிவியல்.

கம்பா, மேடையா?

கோழி இரவில் உயரமான இடத்தில் அடையும். அது காட்டுக்கோழி மரக்கிளையில் அடையும் பழக்கத்தின் தொடர்ச்சி. கறிக்கோழிக்கும் கம்பு கட்டிக் கொடுத்தால் ஏறும் என்று யாரும் நினைப்பார்கள். ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக விஞ்ஞானிகள் கம்பும் கொடுத்துப் பார்த்தார்கள், மேடையும் கொடுத்துப் பார்த்தார்கள். மேடை 30 சென்டிமீட்டர் உயரம். ஏறிப்போக ஒரு சாய்வுப் பலகையும் உண்டு.

கம்புகளைக் கோழிகள் அனேகமாகத் திரும்பிப் பார்க்கவில்லை. மேடைக்கோ கூட்டம் வந்தது. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். கனத்த நெஞ்சைத் தூக்கிக்கொண்டு தாவ வேண்டும், மெல்லிய கம்பில் சமன் பிடித்து நிற்க வேண்டும். கறிக்கோழிக்கு அது பெரும்பாடு. சாய்வுப் பலகையில் அது நடந்தே ஏறலாம். நாலு அடி எடுத்துவைக்கும், நிற்கும், சிறகை லேசாக விரித்துச் சமன் செய்யும், மறுபடி ஏறும். மேலே போனதும் பரந்த இடத்தில் நிம்மதியாக உட்காரும். மேடை இருந்த கொட்டகைகளில் கோழிகளின் நடை மேம்பட்டது. கால் எலும்பில் வரும் ஒருவகைக் குறைபாடும் குறைந்தது. வட அயர்லாந்திலும் பலவகைக் கம்புகளையும் மேடைகளையும் வைத்துப் பார்த்தார்கள். அங்கும் கோழிகள் மேடையையே தேர்ந்தெடுத்தன.

கோழிக்கு உயரம் வேண்டும் என்ற நம் எண்ணம் சரிதான். கம்பு போதும் என்று நினைத்தது தப்பு. கோழியிடம் கேட்டதால்தான் அது தெரிந்தது.

புழுதிக் குளியல்

வீட்டுக் கோழி குளிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் காய்ந்த மண்ணாகப் பார்த்துக் காலால் கிளறும். பிறகு அதிலேயே உட்கார்ந்து, அலகால் மண்ணைத் தன் பக்கம் இழுக்கும். இறகை எல்லாம் சிலிர்த்துக்கொண்டு, சிறகால் மண்ணை அள்ளி முதுகுமேல் வீசும். ஒரு பக்கமாகச் சாய்ந்து தலையையும் விலாவையும் தரையில் தேய்க்கும். கண்ணைப் பாதி மூடியபடி அப்படியே கிடக்கும். கடைசியில் எழுந்து ஒரே உதறல்! புழுதி பறக்கும்.

வாலின் அடியில் உள்ள ஒரு சுரப்பியிலிருந்து எண்ணெய் எடுத்துக் கோழி தன் இறகில் பூசிக்கொள்கிறது. அந்த எண்ணெய் நாளாக ஆகப் பிசுக்காகிவிடும். புழுதி அதை உறிஞ்சி எடுத்துவிடும். இறகு மறுபடி பஞ்சுபோல விரியும். பேன், செள்ளு போன்றவையும் குறையும். வளர்ந்த பெட்டைக்கோழி ஏறக்குறைய இரண்டு நாளைக்கு ஒரு முறை, பெரும்பாலும் நடுப்பகலில், அரை மணி நேரம் போல இப்படிக் குளிக்கும்.

கறிக்கோழி குளிக்க எந்தப் பொருளை விரும்பும்? பெல்ஃபாஸ்ட் விஞ்ஞானிகள் பலவற்றை வைத்துப் பார்த்தார்கள். சதுப்பு நிலத்தில் தோண்டி எடுக்கும் பீட் என்ற கறுப்பு மண்ணில் கோழிகள் மிகவும் விரும்பிக் குளித்தன. ஓட்ஸ் தானியத்தின் உமியும் அவற்றுக்குப் பிடித்தது. பீட் உருவாகப் பல நூறு, பல ஆயிரம் ஆண்டுகள் ஆகும். அதைத் தோண்டினால் சதுப்பு நிலம் அழியும். ஓட்ஸ் உமி அப்படியல்ல. ஆலையில் மிஞ்சுகிற பொருள். அதனால் பண்ணைக்கு ஓட்ஸ் உமியே ஏற்றது என்று முடிவு செய்தார்கள். கோழிக்கும் பிடிக்க வேண்டும், பூமிக்கும் கேடு வரக்கூடாது. இரண்டையும் சேர்த்து யோசித்த நல்ல முடிவு இது.

நம் ஊர்க் கொட்டகை

தமிழ்நாட்டில் கறிக்கோழி என்றாலே பல்லடம் நினைவுக்கு வரும். திருப்பூர், கோவை வட்டாரத்தில் ஏராளமான கறிக்கோழிப் பண்ணைகள் இருக்கின்றன. இங்குள்ள பழைய பாணிக் கொட்டகைகளில் பக்கவாட்டில் சுவருக்குப் பதில் கம்பிவலை இருக்கும். காற்று வரும், பகல் வெளிச்சம் வரும். ஐரோப்பாவில் செலவழித்துச் சாளரம் வைத்துக் கொடுக்கும் வெளிச்சம், நம் கோழிகளுக்குச் செலவில்லாமலே கிடைக்கிறது. வெயில் கொடுமையைச் சமாளிக்க இப்போது முழுக்க அடைத்த, குளிரூட்டும் வசதியுள்ள கொட்டகைகளும் கட்டுகிறார்கள். குளிர்ச்சி கோழிக்குத் தேவைதான். அதைக் கொடுக்கும்போது வெளிச்சம் பறிபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏறி உட்கார மேடை, கொத்திப் பார்க்க ஏதாவது பொருள், குளிக்கக் காய்ந்த புழுதி ஆகியவற்றுக்கு இரண்டு வகைக் கொட்டகையிலும் இடம் உண்டு. நெல் உமிக்கும் நார்க்கழிவுக்கும் நம்மிடம் பஞ்சமே இல்லை. நம் ஊர்க் கோழிக்கு இவற்றில் எது பிடிக்கும் என்று நம் ஊர்க் கொட்டகையிலேயே கேட்டுப் பார்க்க வேண்டும்.

இது மட்டும் போதுமா?

போதாது. மேடையும் புழுதியும் வைத்துவிட்டு, கோழிகளை நெருக்கியடித்து வளர்த்தால் பயன் குறைவு. எவ்வளவு நல்ல கொட்டகையாக இருந்தாலும், அதிவேகமாக வளரும் இனத்தின் கால்வலி முழுதாகப் போய்விடாது. 2017-இலிருந்து ஐரோப்பாவில் பல விலங்குநல அமைப்புகள் சேர்ந்து, கோழி வாங்கும் நிறுவனங்களிடம் சில உறுதிமொழிகளைக் கேட்டுவருகின்றன. ஒரு சதுர மீட்டரில் மொத்தம் 30 கிலோவுக்கு மேல் கோழி கூடாது. இயற்கை வெளிச்சம் வேண்டும். 1,000 கோழிக்குக் குறைந்தது 2 மீட்டர் நீளத்துக்கு ஏறி உட்கார இடமும், கொத்துவதற்கு 2 பொருள்களும் வேண்டும். நலம் குன்றாத, மெதுவாக வளரும் இனங்களையே வளர்க்க வேண்டும். நெதர்லாந்தின் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் 2023 முடிவதற்குள் தங்கள் கடைகளில் விற்கும் புதிய கோழி இறைச்சியில் மெதுவாக வளரும் இனத்துக்கு மாறிவிட்டன. இதற்குச் செலவு கூடும் என்பது உண்மை. அதைப் பண்ணைக்காரர் தலையில் மட்டும் கட்டிவிடாமல், வாங்கும் நாமும் ஏற்றுக்கொள்வதே நியாயம்.

சதுர மீட்டருக்கு 30 கிலோ என்றால் எவ்வளவு? சாக்பீஸ் எடுத்து, தரையில் ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் கட்டம் போடுங்கள். 2 கிலோ கோழிகள் 15 அதற்குள் நிற்க வேண்டும். இது நல்ல பண்ணைக்கான அளவு. ஐரோப்பியச் சட்டம் சில நிபந்தனைகளோடு 42 கிலோ வரை, அதாவது 21 கோழிகள் வரை அனுமதிக்கிறது. கட்டத்தைப் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நீங்களும் கேட்கலாம்

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கோழி இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்து பாருங்கள். ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு கடிகாரம் போதும்.

நோட்டில் ஆறு கட்டம் போட்டு, கொத்துதல், கிளறுதல், நடத்தல், இறகு கோதுதல், புழுதியில் குளித்தல், படுத்திருத்தல் என்று தலைப்பு எழுதுங்கள். ஒரே ஒரு கோழியைத் தேர்ந்துகொள்ளுங்கள். விரட்டாமல், சத்தம் போடாமல் தள்ளி உட்காருங்கள். ஒவ்வொரு நிமிடத்திலும் அது எதையெல்லாம் செய்கிறதோ, அந்தந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். அரை மணி நேரம் பாருங்கள். காலையில் ஒரு தடவை, நடுப்பகலில் ஒரு தடவை பார்த்தால் இன்னும் நல்லது.

மறுநாள் ஒரு மூலையில் நெல் உமியும் இன்னொரு மூலையில் காய்ந்த மணலும் குவித்துவையுங்கள். கோழி எதனிடம் போகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று எழுதுங்கள். அடுத்த நாள் இரண்டையும் இடம் மாற்றி வையுங்கள். மாற்றாவிட்டால் கோழிக்கு உமி பிடித்ததா, அந்த மூலை பிடித்ததா என்று தெரியாமல் போய்விடும்! முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்காதீர்கள்.

பார்ப்பதற்கு முன்பே, கோழி எதைத் தேர்ந்தெடுக்கும் என்ற உங்கள் ஊகத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். ஊகமும் கோழியின் பதிலும் ஒத்துப்போகவில்லை என்றால் கோழியின் பதிலை நம்புங்கள். அந்த நோட்டை வகுப்பில் காட்டுங்கள். உங்கள் ஊரில் கோழி வளர்ப்பவர் யாராவது இருந்தால் அவரிடமும் காட்டுங்கள். தன் கொட்டகையில் அடுத்து எதை வைக்கலாம் என்று யோசிக்க அந்தக் கணக்கு அவருக்கு உதவும்.